மணிக்கு என்ன சாப்பாடு?

மனிதன் என்ன சாப்பிடவேண்டும் என்பதைப் பற்றி அபிப்பிராய பேதம் இல்லாத வீடு நம் நாட்டில் கிடையாது. ஆனால் நாய் என்ன சாப்பிடவேண்டும் என்பதைப் பற்றி நேற்று வரையில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. வீட்டில் மிஞ்சியதைச் சாப்பிடவேண்டும். மிஞ்சாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டும். இவ்வளவுதான் சாஸ்திரம். எங்கள் ஒடுகத்தூரில் இந்தச் சாஸ்திரத்துக்கு வெகுகாலம் பங்கம் நேரவில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்தரகாவிரி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. மலையிலிருந்து ஆடுகள் இறங்கி வரும்; அவற்றின் பின்னால் வியாபாரிகள் வருவார்கள்; வியாபாரிகளுக்குப் பின்னால் ஊரிலுள்ள அத்தனை நாய்களும் வரும்.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. கடைத்தெருவில் மளிகைக் கடை வாசலிலேயே நாய்த் தீனிப் பைகள் வர்ணம் வர்ணமாகத் தொங்குகின்றன. பையின் மேல் அச்சிட்டிருக்கும் நாயைப் பார்த்தால் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற நாயைப் போல் இருக்கிறது. கிலோ 250 ரூபாயிலிருந்து 700 ரூபாய் வரையில் விலை. "எது நல்லது?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "விலை ஜாஸ்தியானது நல்லது, டீச்சர்" என்றார். இருபது வருஷமாக ரஸாயனம் கற்றுக் கொடுக்கிறவளுக்கு இந்தப் பதில் எப்படித் திருப்தி தரும்?

நான் கடைக்குப் போக நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் மணி. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஒதுங்கியவன். அப்போது உடம்பில் பாதி ரோமம் இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். என் பெண் அழுதாள். என் கணவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக் கொண்டார். மாமியார், "இருக்கட்டும், மழை விட்டதும் போயிடும்" என்றார். மழை விட்டது, மணி போகவில்லை. வேலூரில் மிருக வைத்தியரிடம் காட்டினோம். அந்த அம்மாள் சொறிக்கும் பூச்சிக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்து பாதி, சாப்பாடு பாதி. நல்ல சாப்பாடாகப் போடுங்கள்" என்றார். நல்ல சாப்பாடு என்றால் எது என்று கேட்பதற்குள் அடுத்த நாய் மேஜைமேல் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்கினால், அது சும்மா படுத்திருப்பதற்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி கிடைக்கும். ஓடியாடுகிற நாய்க்கு அதில் பாதிக்குச் சற்று மேல் இன்னும் சேர்க்கவேண்டும். மணி இப்பொழுது 12 கிலோ. அவனுக்கு ஏறக்குறைய 720 கலோரி. இதை வெறும் சோற்றாலேயே நிரப்பினால் அரைக் கிலோவுக்கு மேல் சோறு போடவேண்டும், வயிறு நிரம்பும். ஆனால் அவ்வளவு சோற்றிலும் புரதம் 15 கிராம்தான் தேறும். அமெரிக்காவில் நாய்த் தீனிக்கு விதித்திருக்கிற அளவு 1,000 கலோரிக்கு 45 கிராம் புரதம். அந்தக் கணக்குப்படி மணிக்கு 32 கிராம் வேண்டும். சோறும் மோரும் தின்று வளர்கிற நம் ஊர் நாய்கள் வயிறு பருத்து முதுகு மெலிந்து இருப்பதன் காரணம் இதில் கொஞ்சம் விளங்குகிறது.

மறுநாள் சமையலறைத் தராசில் மணியின் சோற்றை நிறுத்தேன். மாமியார் பார்த்துவிட்டார். "ஏம்மா, நாய்க்கு இன்னாத்துக்குத் தராசு? நாம பெத்ததுங்களையே தராசுல வெச்சு வளக்கலியே!" என்றார். இதற்குப் பதில் சொல்ல எந்தச் சர்வகலாசாலையும் கற்றுத் தரவில்லை.

சரி, பைக்கு வருவோம். பையின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் 'கச்சாப் புரதம் இத்தனை சதவிகிதம்' என்று போட்டிருக்கிறது. பலர் இந்த எண்ணைத்தான் பார்த்து வாங்குகிறார்கள். இதன் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை. 1883-இல் டென்மார்க் தேசத்தில், ஒரு பீர் சாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த கெல்டால் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்தார். பண்டத்தைக் கந்தகத் திராவகத்தில் காய்ச்சி, அதிலிருக்கும் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்லிவிடுவது. நல்ல முறைதான். ஆனால் அந்த நைட்ரஜன் முட்டையிலிருந்து வந்ததா, மூக்கணாங்கயிற்றிலிருந்து வந்ததா என்று அந்தத் திராவகத்துக்குத் தெரியாது.

தோல் தேசத்தில் வாழ்கிற நமக்கு இது சுலபமாகப் புரியவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றிலும் தோல் பதனிடும் சாலைகள். தோல் என்பது பெரும்பாலும் கொல்லாஜன் என்னும் புரதமே. நல்ல ஆம்பூர்ச் செருப்பு ஒன்றைத் துண்டு துண்டாக நறுக்கிக் கெல்டால் சோதனைக்கு அனுப்பினால், 'உயர்ந்த புரதச் சத்துள்ள பண்டம்' என்று நற்சாட்சிப் பத்திரத்துடன் திரும்பி வரும். ஆனால் கொல்லாஜனில் டிரிப்டோபான் என்னும் அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. அதை மட்டும் தின்று ஒரு பிராணியும் பிழைக்க முடியாது. ஆகவே புரதம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எதிலிருந்து வந்த புரதம் என்று கேட்கவேண்டும். சேர்க்கைப் பொருள்களின் ஜாபிதாவில் எடையில் அதிகமானது முதலில் வரும். முதலில் கோழியோ மீனோ பெயர் சொல்லி இருந்தால் ஒரு மாதிரி. 'இறைச்சியும் இறைச்சிச் சார்புப் பொருள்களும்' என்று மூடி மழுப்பியிருந்தால் வேறு மாதிரி. அதிலும் ஒரு சூது உண்டு. பச்சைக் கோழி இறைச்சியில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட ஜலம். அந்த ஜலத்தோடு நிறுத்து முதலிடம் கொடுத்துவிட்டு, பிறகு காய்ச்சி உலர்த்திவிடுவார்கள். தகர டப்பாவில் வரும் ஈரத் தீனிக்கு நேர்மாறான அநியாயம் நேர்கிறது. டப்பாவில் 8 சதவிகிதம் புரதம், பையில் 24 சதவிகிதம் என்று போட்டிருந்தால், டப்பா மட்டம் என்று நினைப்போம். டப்பாவில் 78 பங்கு ஜலம் என்றால் மிச்சமுள்ள 22-இல் 8 பங்கு புரதம்; அதாவது 36 சதவிகிதம். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். கடையில் நின்றுகொண்டு யார் போடுகிறார்கள்?

நைட்ரஜனைப் புரதம் என்று எண்ணுகிற இந்த வழக்கத்தால் 2007-ஆம் வருஷத்தில் ஒரு பெரிய கொடுமை நடந்தது. சீனத்திலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமைனைக் கலந்திருந்தார்கள். தட்டும் கிண்ணமும் செய்கிற பிளாஸ்டிக்குக்கு மூலப் பொருள் அது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் கணக்கில் போட்டால் 100 கிராம் மெலமைனில் 416 கிராம் புரதம் வரும்! கனடாவின் மெனு ஃபுட்ஸ் என்ற கம்பெனி அந்த மார்ச் மாதத்தில் 6 கோடி டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. அதே கம்பெனி பல வியாபாரப் பெயர்களுக்குச் சரக்குச் செய்து கொடுத்துக் கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. மட்டமான பெயரும் உயர்ந்த பெயரும் ஒரே அண்டாவிலிருந்து வந்திருந்தன. சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்து நாய்களும் பூனைகளும் மாண்டன. அடுத்த வருஷம் அதே மெலமைன் சீனத்தில் குழந்தைகளின் பாலிலும் கலந்தது. ஏறக்குறைய மூன்று லக்ஷம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. நாய்த் தீனிதானே என்று அசட்டையாக இருந்தவர்களுக்கு நாய்கள் ஒரு வருஷம் முன்னதாகவே எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தன.

நாய்த் தீனியை விலைக்கு விற்பது புதிய யோசனை அல்ல. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்பதற்காக லண்டனுக்குப் போனார். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசி எறிந்த கெட்டிப் பிஸ்கோத்துகளை நாய்கள் தின்பதைப் பார்த்து, 1860-ஐ ஒட்டி நாய்ப் பிஸ்கோத்துச் செய்யத் தொடங்கினார். இடிதாங்கி என்ன ஆயிற்றோ, பிஸ்கோத்து ஓகோ என்று விற்றது. பெரிய மனிதர்களின் வேட்டை நாய்களுக்குத்தான் முதலில் விற்றாராம். நம் கடைப் பைகளில் உள்ள பட்டதாரி நாய்க்கு அவர்தான் பாட்டனார்.

இப்பொழுது ஒரு புது மோஸ்தர் வந்திருக்கிறது: 'தானியம் கலவாதது.' நாய் ஓநாயின் வம்சம், ஓநாய் களி கிண்டியா தின்றது என்று கேட்கிறார்கள். கேள்வி கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2013-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இதற்குப் பதில் கண்டுபிடித்து விட்டார்கள். மாச்சத்தைச் ஜீரணிக்கிற அமிலேஸ் என்னும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாயிடம் நான்கிலிருந்து முப்பது பிரதிகள் வரையில் இருக்கிறது. மனிதன் பயிரிடத் தொடங்கி, அவன் வாசலில் நாய் காத்திருக்கத் தொடங்கியதன் விளைவு அது. களி தின்று தின்றே நாய் நாயாயிற்று. 2018 ஜூலையில் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து இலாகாவோ, தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறைந்த தீனி தின்ற நாய்களிடம் இருதய நோய் காண்கிறது என்று விசாரணையே தொடங்கியது. காரணம் இன்னதென்று அந்த விசாரணையில் முடிவாகவில்லை. முடிவாகாத விஷயத்துக்குக் கிலோவுக்கு 300 ரூபாய் அதிகம் கொடுக்க எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்துக் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை.

தோல் பிரதேசத்தில் இருப்பதால் வேறொரு சங்கடமும் எங்களுக்கு வந்தது. என் கொழுந்தனார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் மணிக்குப் பரிசாக வெள்ளை வெளேரென்று முடிச்சுப் போட்ட ஓர் 'எலும்பு' வாங்கி வந்தார். அது எலும்பல்ல, மாட்டுத் தோல். உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் போட்டு ரோமத்தை நீக்கி, பிறகு யந்திரத்தில் இரண்டு ஏடாகப் பிளப்பார்கள். மேலேடு ஷூவுக்குப் போகும். கீழேட்டிலிருந்து மெல்லிய மிருதுத் தோலும் செய்யலாம், ஜெலட்டினும் காய்ச்சலாம், கழுவி வெளுத்து உலர்த்தி நாய் கடிக்கும் எலும்பாகவும் முறுக்கலாம். சரியாகக் கழுவிச் செய்தால் அதில் விஷம் இல்லை. ஆனால் ஊறிக் கொழகொழத்த துண்டை நாய் முழுதாக விழுங்கிவிட்டால், தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்; எளிதில் ஜீரணமும் ஆகாது. மணி எதையும் மென்று தின்கிற ஜாதி அல்ல. ஆகவே பரிசை அலமாரியில் வைத்து, அவனுக்குக் காரட் ஒன்றைக் கொடுத்தோம். கொழுந்தனாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடிக்கும் எலும்பாவது பதனிடாத தோல். பதனிட்ட தோலின் வெட்டுத் துண்டுகளைச் சாலையோர நாய்கள் இழுத்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் உண்டு. பிறகு குரோமிய உப்பு வந்தது. நீல நிறமான தோல் துண்டு கண்டால் அது குரோமியம் என்று அறியலாம். பாலாற்றையும் கிணறுகளையும் தோல் சாலைக் கழிவு என்ன பாடு படுத்திற்று என்பதற்கு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே சாட்சி. நாய் அந்த நீலத் துண்டைத் தின்றால் என்ன ஆகும் என்று யாரும் வழக்குப் போடவில்லை.

கடையில் விற்பதெல்லாம் கெடுதல், வீட்டில் செய்வதெல்லாம் உத்தமம் என்று நான் சொல்லப்போகிறேன் என்று நேயர்கள் எதிர்பார்த்தால் ஏமாறுவார்கள். கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையில், புத்தகங்களிலும் பிற இடங்களிலும் கண்ட 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவு. கோழியும் சோறும் மட்டும் போட்டால் கால்சியம் போதாது. ஈரலை அள்ளி வைத்தால் ஏ விட்டமின் மிதமிஞ்சிப் போகும்.

நம் சமையலறையிலோ வேறு ஆபத்துகள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. சாக்கலேட், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் போடும் ஸைலிட்டால், திராட்சை, உலர்ந்த திராட்சை யாவும் கூடாது. திராட்சையில் இருக்கிற விஷம் எது என்று வெகுநாள் தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவில் பிராணிகளின் விஷ சிகிச்சையில் தேர்ந்த வைத்தியர்கள் சிலர், டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே விதமாகச் சிறுநீரகம் கெட்டதைக் கண்டிருக்கிறார்கள். டார்டாரிக் அமிலத்துக்குப் பெயர் போனது நம் புளி! இதைப் படித்த அன்று நான் ரசச் சோற்றை நினைத்துக்கொண்டேன். "எங்க காலத்துல கொழம்புச் சோறு தின்னுட்டு நாய் கல்லு மாதிரி இருந்துச்சே" என்றார் மாமியார். இருந்திருக்கும், துளிப் புளியால் ஒன்றும் நேராது போலும். ஆனால் அந்தக் காலத்தில் எந்த நாய் எதனால் செத்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

ஆம்பூர் பிரியாணிக் கடைகளின் பின்புறம் நாய்கள் மகாநாடு கூட்டுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். சீரகச் சம்பா அரிசி நல்லதுதான். கூட வருகிற வெந்த எலும்புதான் எமன். பச்சை எலும்பைவிட வெந்த எலும்பு ஈட்டி ஈட்டியாகப் பிளக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு நாய்க்கு இப்படிக் குடலில் குத்தி, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. அந்த வீட்டுக் கிழவர் இரண்டு நாள் திண்ணைக்கு வரவில்லை.

சந்தை ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை. அறுத்த ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் நீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். அவற்றைப் பச்சையாக நாய்க்கு எறிந்தால் நாயின் குடலில் நாடாப் புழு உண்டாகும். அதன் முட்டைகள் நாயைத் தடவுகிற குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள் போனால், ஆட்டுக்கு வந்த கட்டி குழந்தையின் ஈரலிலும் வரும். நன்றாக வேகவைத்துவிட்டால் பயமில்லை.

இவ்வளவையும் ஆலோசித்து, வைத்தியர் அம்மாளையும் மறுபடி கண்டு, ஒரு திட்டம் செய்தேன். பாதிக் கலோரி நடுத்தர விலைப் பைத் தீனி. தாது உப்புகளும் விட்டமின்களும் அதன் பொறுப்பு. மறுபாதி கேழ்வரகுக் களி, பூசணிக்காய், வேகவைத்த முட்டை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை முட்டைக்குப் பதில் வேகவைத்த ஆட்டு நுரையீரல். உப்பு, புளி, வெங்காயம் எதுவுமில்லை. நாலு மாதத்தில் மணிக்கு ரோமம் நிறைந்துவிட்டது.

ஆனால் முட்டை விஷயம் ஊரில் பரவிவிட்டது. ஒரு நாள் இடைவேளையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "டீச்சர், உங்க வூட்டு நாய்க்குத் தெனம் முட்டையாமே?" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. அவன் தாயார் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவள். சத்துணவில் கிடைக்கிற முட்டை அவனுக்கு ஒரு முக்கிய ஆகாரம் என்று எனக்குத் தெரியும். அவனிடம் கலோரியும் கெல்டாலும் பேசவா முடியும்? "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. சட்டைப் பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு பொருளை எடுத்துக் காட்டினான். பாதி முட்டை.

"எங்க நாய்க்கும் தெனம் பாதி எடுத்துட்டுப் போறேன், டீச்சர். குட்டி போட்டிருக்கு. பாதி போதுமா?"

அந்த முட்டையை அவன் என் முன்னாலேயே சாப்பிடவேண்டும் என்று சொன்னேன். தயங்கினான், சாப்பிட்டான். குட்டி போட்ட நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகாரம் வேண்டும். பாதி முட்டை அதற்கு ஒரு மூலைக்கும் காணாது. அதற்காக அவன் தன் பங்கை இழப்பது நியாயம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையில் நுரையீரல் மலிவு, சில வேளை சும்மாவே கொடுப்பார்கள், வாங்கி நன்றாக வேகவைத்து, நறுக்கிக் களியோடு பிசைந்து நாலு வேளையாகப் போடு என்றேன். முட்டை ஓட்டை இடித்துப் பொடி செய்து துளிக் கலக்கவும் சொன்னேன். அந்த ஓடு பள்ளிக்கூடத்தில் கூடை கூடையாகக் கிடைக்கிறதே. குட்டிகள் பிறக்கும் வரையில் பை வாங்கித் தருகிறேன் என்று சொல்ல அவசியமில்லாமல் போயிற்று, அவை ஏற்கெனவே பிறந்துவிட்டபடியால். பால் மறக்கும் வரையில் மணியின் பையிலிருந்து வாரம் ஒரு டப்பா அவனிடம் போயிற்று. மாமியார்தான் அதைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்.

நாலு குட்டிகளும் பிழைத்தன. மூன்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. போன வாரம் பையன் மறுபடி வந்தான். முகம் வாடியிருந்தது. குட்டிக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பயந்துவிட்டேன்.

"நாய்ங்கல்லாம் நல்லா இருக்குது, டீச்சர். ஆனா இப்ப எல்லாரும் வந்து கேக்கிறாங்களாம். கடைக்காரரு நுரையீரலுக்குக் காசு ஏத்திட்டாரு."